கூப்பிடுதூரத்துக்கு அப்பால்

ஏழாம் வளைவில் ஜீப்பை ஓரங்கட்டிக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, உலகம்மை இறங்கி முதலில் கூரையைத்தான் பார்த்தாள். ஆண்டெனா நிமிர்ந்து நின்றது. நேற்று ஒரு குரங்கு அதைப் பிடித்து ஊஞ்சலாடியதில் அடிப்பக்கம் ஆட்டம் கண்டிருந்தது. திருகை இன்னும் ஒரு சுற்று முடுக்கிவிட்டு உள்ளே ஏறி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்த பெட்டியைப் போட்டாள். திரையில் இரண்டு வரிகள் ஒளிர்ந்தன, அலைக்கு ஒன்றாக. மேல்வரியில் நூற்று நாற்பத்தைந்து, கீழ்வரியில் நானூற்று முப்பத்தைந்து. இரண்டு வரிகளின் ஓரத்திலும் ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி.

அரசாங்கத் தாள்களில் அதற்கு ‘ஈரலை நகர்வுப் பேசி’ என்று பெயர். மலையில் எல்லோருக்கும் அது ரெட்டைப்பெட்டி. ஜீப் ஆஸ்பத்திரியுடையது, டயர் தேய்ந்தால் ஆஸ்பத்திரி மாற்றித் தரும், தராமலும் போகும். பெட்டி மட்டும் உலகம்மையின் சொந்தப் பொருள். அவள் பெயரில் உரிமம், அவள் கழுத்துச் சங்கிலியை விற்ற காசில் வாங்கியது. வேறு யாரும் அதன் மேல் தண்ணீர் பாட்டிலைக்கூட வைக்க முடியாது.

மைக்கை எடுத்துப் பொத்தானை அமுக்கினாள்.

“பொதிகை மூணு, பொதிகை மூணு. பொதிகை ஏழு கூப்பிடுது. ஓவர்.”

கொஞ்சம் இரைச்சல். பிறகு ஓர் ஆண்குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

“பொதிகை ஏழு, பொதிகை மூணு. தெளிவாக் கேக்கு. சாப்பிட்டாச்சா? ஓவர்.”

“ஆச்சு. இட்லி. ஓவர்.”

“இங்கன கஞ்சி. மழை இல்ல. மேகம் மட்டும் நிக்கி. ஓவர்.”

மேல்வரியின் சிவப்புப் புள்ளி அசையவில்லை. உலகம்மை அதை முறைத்துப் பார்த்தாள்.

“பச்சை விழலை,” என்றாள். “வேற ஏதாவது சொல்லுங்க. ஓவர்.”

“சாந்தப்பன் வீட்டுக் கோழி மரநாயிட்டருந்து தப்பிச்சு வந்துட்டு. ஓவர்.”

“அது போன வாரமே சொன்னது. ஓவர்.”

“அது செவலைக் கோழி. இது கறுப்பு. ஓவர்.”

கறுப்புக் கோழியும் எடுபடவில்லை. உலகம்மை யோசித்தாள். சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நேற்றுக் குரங்கு ஊஞ்சலாடிய கதையை எடுத்துவிட்டாள். எதிர்முனையில் குரல் சட்டென்று விழித்துக்கொண்டது. எந்தப் பக்கமாகச் சாய்ந்தது, அடியில் ரப்பர் வளையம் கிழிந்ததா, குரங்கு ஆணா பெண்ணா, எத்தனை ஆட்டம் ஆடியது என்று கேள்வி மேல் கேள்வி. ஐந்து நிமிஷம் குரங்கைப் பற்றியே பேசினார்கள். புள்ளி மஞ்சளாகி, கடைசியில் பச்சையானது.

“விழுந்துட்டு. கீழ்வரிக்குச் சாயங்காலம். ஓவர், முடிந்தது,” என்று மைக்கைப் பக்கத்து இருக்கையில் போட்டாள். மைக் மாட்டும் கொக்கி உடைந்து மாதக்கணக்காகிறது.

அலைக்குப் பட்டா வந்த காலம் இது. காற்றில் இடம் போதவில்லை. டிராக்டரும் டிராக்டரும் பேசிக்கொள்கின்றன. கிணற்றடி மோட்டார் மின்சார வாரியத்தோடு வாதாடுகிறது. தென்னையின் உச்சியில் குத்திய வில்லை, தேங்காய் முற்றுவதற்கு முன்பே மண்டியில் விலை பேசி முடித்துவிடுகிறது. இந்தச் சந்தடிக்கெல்லாம் அலை வேண்டும். மனிதர்கள் கையில் சும்மா கிடக்கிற அலைகளைப் பிடுங்கி ஏலம் விடலாம் என்று முடிவானபோது, சொந்தமாகப் பெட்டி வைத்து அலையில் பேசிப் பழகிய ஹாம் ரேடியோக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அலை பேசுகிறவருக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. மேளம் கொட்டிக் கொண்டாடினார்கள். தீர்ப்பின் இரண்டாம் பக்கத்தைப் பிறகுதான் படித்தார்கள். பொழுது சாய்வதற்குள் பேச்சு நடக்காத அலை, மறுநாள் காலையில் ஏலத்துக்குப் போகும்.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பழைய பேச்சைப் பதிவு செய்து ஓடவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினார்கள். ஒரே அறையில் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு, முறுக்கு தின்றபடி ஒருவரையொருவர் ‘அழைத்தார்கள்’. அதைப் பிடிக்க வந்ததுதான் செவியன். எல்லா அலைகளையும் கேட்கிற இயந்திரம். அதற்குக் காது மட்டும் உண்டு, வாய் கிடையாது. அந்த மட்டுக்கும் புண்ணியம். செவியன் பச்சை காட்ட இரண்டு நிபந்தனைகள். பேசுகிற இருவரும் ஒருவருக்கொருவர் முன்பு சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இருவருக்கும் நடுவே ஒரு கூப்பிடுதூரமாவது இருக்க வேண்டும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பவனுக்கு அலை எதற்கு என்பது சட்டத்தின் கேள்வி. கூப்பிடுதூரத்தை அரைக் கல், அதாவது அரை மைல், என்று வரையறுத்திருந்தார்கள்.

புது உரிமம் தருவதையும் நிறுத்திவிட்டார்கள். இருந்தவர்கள் செத்தும் சலித்தும் போக, பொதிகை மலையின் இந்தப் பக்கத்தில் உரிமம் உள்ள வாய்கள் இரண்டுதான் மிச்சம். பொதிகை ஏழு உலகம்மை. பொதிகை மூன்று, மேலே கல்லாறுமேட்டில் இருக்கும் சொரிமுத்து, அவளுடைய புருஷன்.

அவர்களுக்குள் விவாகரத்து ஆகவில்லை. சண்டைகூடப் போடவில்லை, போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருப்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன் உலகம்மை ஜீப் ஓட்டக் கீழே வந்தாள், அவன் மேலே இருந்துகொண்டான், அவ்வளவுதான். மாதம் ஒரு முறை மருந்து இறக்கப் போகும்போது பார்த்துக்கொண்டால், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் மாதிரி தலையாட்டிக்கொள்வார்கள். பேச்செல்லாம் அலையில்தான். அலையில் உறவுமுறை சொல்லக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது, எல்லோரும் எல்லோருக்கும் ‘நீங்க’தான். அந்த வழக்கம் இரண்டு பேருக்கும் வசதியாகப் போயிற்று. கஞ்சி, இட்லி, கிழங்கு, மேகம், யானை, கோழி. ஆறு வருஷம் இப்படியே ஓட்டியாயிற்று. இப்போது கோழிகள் தீர்ந்துகொண்டிருந்தன.

அன்று வெயில் தாழ்ந்த நேரம், அடிவாரத்துக் குடியிருப்புகளில் ஊசி போட்டு முடித்துவிட்டு ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நர்ஸ் ஜெபக்கனி. ஏறும்போதே மருந்துப்பெட்டியை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் திணித்து, அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். சாயங்காலப் பேச்சுக்காக உலகம்மை ரெட்டைப்பெட்டியைக் கீழ்வரிக்கு மாற்றி வைத்திருந்தாள்.

“ஏங்க்கா, ஒண்ணு கேட்டா கோவப்பட மாட்டியளே?”

“கோவப்படுவேன். கேளு.”

“அண்ணாச்சிக்கும் ஒங்களுக்கும் அப்படி என்னதான் ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. அதான் ஆச்சு.” உலகம்மை கியரை மாற்றினாள். “கூப்பிடுதூரத்துக்கு அங்கிட்டு ஒரு ஆளு இருந்தாத்தான் அலை நிக்கும்னு சட்டம் வந்துச்சு. பெட்டி பழகுனது ஊருல நாங்க ரெண்டு பேரு. நான் போறேன்னேன். ‘இரு’ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாவன்னு வாசல்ல நின்னு பாத்தேன். அவிய கேபிளச் சுருட்டிக்கிட்டு நிக்காவ. முழங்கையில சுத்திச் சுத்தி, ஒரு சுத்து தப்பாம. அந்தக் கேபிளுக்கு இருந்த மதிப்பு எனக்கு இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பியளோ?”

“எப்படி இருக்க? வந்துதான் இருப்பேன். யாராவது வரணுமில்ல? ஆனா அது வேற வாரது, ஜெபா. போகாதன்னு ஒரு ஆளு சொல்லி, அதையும் மீறி வாரதும், சும்மா வாரதும் ஒண்ணா?”

ஜெபக்கனி மருந்துப்பெட்டி மேல் முழங்கையை இன்னும் அழுத்தி ஊன்றினாள். கொஞ்ச தூரம் போனதும், “இப்பக் கேட்டாவன்னா?” என்றாள்.

“கேக்க மாட்டாவ. ஊருல உள்ள கோழி பூராத்துக்கும் வரலாறு சொல்லுவாவ, இத மட்டும் கேக்க மாட்டாவ.” உலகம்மை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “ஆனா ஒண்ணு. காலையில அந்தக் கஞ்சிப் பேச்சு காதுல விழலைன்னா, அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது. கொரலு கட்டியிருந்தா, சளியா இருக்குமோ, யாரு கசாயம் வச்சுக் குடுப்பான்னு நாள் பூரா அதே நெனப்பு. இதையெல்லாம் அலையில சொல்ல முடியுமா? செவியனுக்கு வேணும்னா புடிக்கும். எனக்கு மானம் போயிரும்.”

ஏழாம் வளைவில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். எஞ்சின் நின்ற அமைதியில் விசிறிச் சத்தம் ஒன்று கேட்டது. ரெட்டைப்பெட்டியின் முதுகில் இருக்கிற சின்ன விசிறி, பெட்டி சூடேறினால்தான் சுழலும். பெட்டி சூடேறுவது நெடுநேரம் பேசினால்தான். உலகம்மை திரையைப் பார்த்தாள். கீழ்வரியில் ஒலிபரப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மருந்துப்பெட்டியைத் தூக்கி எறியாத குறையாக நகர்த்தினாள். அதன் அடியில், பொத்தான் நன்றாக அமுங்கியபடி, மைக் கிடந்தது. ஜெபக்கனியின் முழங்கை வழி நெடுக அதைத்தான் அமுக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

பெட்டிக்காரர்கள் யாருக்கும் நேரக்கூடிய தப்பு இது. இதற்காகவே பெட்டியில் ஒரு காவல்நேரம் உண்டு. மூன்று நிமிஷத்துக்கு மேல் பொத்தான் அமுங்கியிருந்தால் தானாகவே அணைந்துவிடும். செவியனைத் திருப்திப்படுத்த நீட்டி நீட்டிப் பேச வேண்டியிருந்ததால், உலகம்மைதான் அதை எடுத்துவிட்டிருந்தாள். ஊசி போட்ட கிராமத்திலிருந்து இந்த வளைவு வரை பேசியதெல்லாம் கல்லாறுமேட்டு வீட்டுக்குள், சொரிமுத்துவின் காதுக்குள் போயிருக்கிறது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று முந்திக்கொண்டது. இவள் அலையை அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மேலே யாருக்காவது பாம்பு கடித்திருந்தால்? மேல்வரிக்கு மாற்றிக் கூப்பிட்டாள். “பொதிகை மூணு, பொதிகை ஏழு. யாருக்காவது ஒடம்புக்கு ஏதும் உண்டா? ஓவர்.”

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். கீழ்வரியில் கூப்பிட்டாள். திரும்ப மேல்வரிக்கு வந்தபோது, இரைச்சலுக்கு நடுவே ‘டக்’ என்று ஒரு சத்தம். யாரோ மைக்கின் பொத்தானை அமுக்கி உடனே விட்டிருக்கிறார்கள்.

சொரிமுத்து தோட்டத்துக்குப் போகும்போது, பக்கத்து வீட்டுச் சாந்தப்பனைப் பெட்டியருகே உட்கார வைப்பது வழக்கம். சாந்தப்பனுக்கு உரிமம் இல்லை. கேட்கலாம், பேசக்கூடாது, உயிராபத்து என்றால் மட்டும் யாரும் பேசலாம். மற்ற வேளையில் உரிமமில்லாத குரல் தனியாக ஒரு வார்த்தை விழுந்தாலும் பட்டா ரத்து; உரிமக்காரர் பேச்சோடு பக்கத்துக் குரல் சேர்ந்து விழுந்தால் மட்டும் குற்றமில்லை. ஆனால் பொத்தானைத் தட்டுவது பேச்சில் சேராது.

“சாந்தப்பண்ணே, நீங்களா? ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு.”

‘டக்.’

“யாருக்காவது ஆபத்தா?”

‘டக் டக்.’

உயிர் வந்தது. “அவிய வீட்டுல இருக்காவளா?”

‘டக் டக்.’

“தோட்டத்துக்குப் போயிருக்காவளா?”

‘டக் டக்.’

ஜெபக்கனி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தாள். உலகம்மை மைக்கை வாயருகே கொண்டுபோய், கேட்கத் தயங்கி, கேட்டாள்.

“கீழயா வாராவ?”

இந்த முறை தட்டு வருவதற்குக் கொஞ்சம் நேரமானது. வந்தபோது, சாந்தப்பன் பொத்தானைக் கட்டைவிரலால் குத்தியிருப்பார் போலிருக்கிறது. ஒரே தட்டு.

“கைப்பெட்டி கொண்டுபோயிருக்காவளா?” என்று, கையில் தூக்கிப்போகிற சின்ன ரேடியோவைப் பற்றிக் கேட்டாள்.

‘டக்.’

உலகம்மைக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க அவளால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஆறு வருஷமாக ஓர் எட்டு இறங்காத மனுஷன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மலைப்பாதையில் நடந்து வந்துகொண்டிருக்கிறான்.

“நல்லதுதானக்கா,” என்றாள் ஜெபக்கனி. “வரட்டும். ரெண்டு பேரும் நேர்ல பேசுங்க. நான் வேணா அந்தப் பாறைக்கு அங்கிட்டுப் போயி நிக்கேன்.”

உலகம்மையின் கண் திரைக்குப் போனது. ஒரு பக்கம் மட்டுமே பேசியிருந்ததால், கீழ்வரியின் ஓரத்தில் புள்ளி சிவப்பாகவே இருந்தது. வெயில் சரிவை விட்டு ஏறி, உச்சிப்பாறைகளில் மட்டும் மிச்சமிருந்தது. அவன் வந்து எதிரே நின்றால் நேர்ப்பேச்சு நடக்கும், அலைப்பேச்சு நடக்காது. கூப்பிடுதூரத்துக்குள் எதைப் பேசினாலும் செவியனுக்கு அது பேச்சே இல்லை. நாளைக் காலையில் கீழ்வரி ஏலத்துக்குப் போகும். ஏதோ ஒரு கம்பெனியின் தென்னைமரங்கள் அதில் விலை பேசும்.

போனால் போகட்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்தது உண்மை. மேல்வரி இருக்கிறது, ஒன்று போதாதா? போதாது என்பது அவளுக்கே தெரியும். போன மழைக்காலத்தில் வள்ளியம்மா என்கிற பெண்ணுக்குக் கல்லாறுமேட்டில் பிரசவ வலி எடுத்தது. பாலம் மூழ்கி, ஜீப் ஊருக்குள் போக முடியவில்லை. ஜெபக்கனி கைப்பெட்டியோடு கயிற்றைப் பிடித்து ஆற்றைக் கடந்து போனாள். கைப்பெட்டிக்கு ஆஸ்பத்திரிவரை எட்டும் வலு இல்லை. உலகம்மை இதே வளைவில் நின்று, ரெட்டைப்பெட்டியைக் குறுக்கஞ்சலில் போட்டாள். குடிசைக்குள்ளிருந்து கீழ்வரியில் வந்த ஜெபக்கனியின் குரலைப் பெட்டி வாங்கி, மேல்வரியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. மேல்வரியில் வந்த டாக்டரின் குரலை வாங்கிக் கீழ்வரியில் குடிசைக்கு இறக்கியது. கொடி சுற்றிய பிள்ளை. டாக்டர் சொல்லச் சொல்ல ஜெபக்கனி செய்தாள். பிள்ளை அழுத சத்தம் இரண்டு அலைகளிலும் கேட்டது. ஓர் அலை போனாலும் அஞ்சல் இல்லை. அந்தப் பிள்ளை இப்போது தவழ்கிறது.

“ஏறு வண்டில,” என்றாள் உலகம்மை.

“எங்கக்கா?”

“கொக்குப்பாறைக்கு. அவிய வாரதுக்குள்ள அவியள நிப்பாட்டணும்.”

ஜெபக்கனி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இந்த முறை மருந்துப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

கொக்குப்பாறை, ஓடைப்பள்ளத்தின் இந்தக் கரையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு மொட்டைப் பாறை. எதிர்க்கரையில் கல்லாறுமேட்டு ஒற்றையடிப்பாதை இறங்கி வருவது அங்கிருந்து தெரியும். மலை மடிப்புக்குள் கைப்பெட்டியின் அலை நுழையாது. நேருக்கு நேர் பார்வை படுகிற இடத்தில்தான் பிடிக்கும். உலகம்மை ஜீப்பைப் பாறையின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தி, பெட்டியைக் கீழ்வரிக்கு மாற்றினாள். ஜெபக்கனி கண்ணை மூடி ஏசுவைக் கூப்பிட்டாள்.

எதிர்க்கரையில், மரங்களுக்கு வெளியே, ஒரு வெள்ளைப் புள்ளி விறுவிறுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. வேட்டிதான். அந்த நடையை உலகம்மைக்கு எந்தத் தூரத்திலும் தெரியும். இன்னும் இரண்டு திருப்பம் இறங்கினால் அரைக் கல்லுக்குள் வந்துவிடுவான்.

“பொதிகை மூணு! பொதிகை ஏழு! நில்லுங்க. நிக்கிற எடத்துலயே நில்லுங்க. ஓவர்!”

வெள்ளைப் புள்ளி நின்றது. பெட்டியில் மூச்சிரைப்பு வந்தது, பிறகு குரல்.

“எங்க இருக்கே?”

“எதுக்க பாருங்க. கொக்குப்பாறை.”

வெள்ளைப் புள்ளி இந்தப் பக்கம் திரும்பியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகம் தெரியவில்லை.

“ஒரு எட்டு எடுத்து வச்சியளோ, அலை போச்சு,” என்றாள் உலகம்மை. “பெட்டிய விட்டுட்டு வரலாமா? என்ன வேல இது? ஓவர்.”

“சாந்தப்பன் இருக்கான்.”

“அவரு தட்டுறதுக்குத்தான் ஆவாரு.”

அலைக்காரர்கள் ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே பொத்தானை அமுக்க மாட்டார்கள். அவசரக்காரன் எவனாவது குறுக்கே வர வேண்டியிருந்தால் வரட்டும் என்று ஒரு மூச்சு இடம் விடுவார்கள். அந்த இடம் இன்று ரொம்ப நீளமாக இருந்தது. புள்ளி சிவப்பிலேயே நின்றது. உச்சிப்பாறையில் வெயில் ஒரு முழம் இருக்கும்.

“எல்லாத்தையும் கேட்டேன்,” என்றான் சொரிமுத்து.

“அது ஒங்களுக்குச் சொன்னது இல்ல.”

“தெரியும். எனக்குச் சொல்லுறது இட்லி மட்டுந்தான்.”

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டாள்.

“நீ சொன்னதுல பாதிதான் சரி, ஒலகு,” என்றது பெட்டி. அந்தப் பெயரைக் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. “கேபிளச் சுருட்டுனேன். இல்லங்கலை. ஒம் மொகத்தப் பாத்தா இருன்னு சொல்லிருவேன். சொன்னா, நீ இருந்துட்டியன்னா? அலை போயிரும்லா? அதான் தலையத் தூக்கலை. ஒரு சுத்துகூட தப்பலைன்னு சொல்லுத. பூராவும் தப்பு. நீ வளைவு தாண்டுன பொறவு எல்லாத்தையும் அவுத்துப் போட்டு மறுபடி சுருட்டுனேன்.”

புள்ளி மஞ்சளானது. உலகம்மை அதைக் கவனிக்கவே இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டு, இத்தனை வருஷமாகக் கோழி வளர்த்திருக்கிறார்கள்.

“அதுக்கு ஆறு வருஷமா?” என்றாள். “அன்னைக்குத்தான் பயம். மறுநாளு சொல்ல வேண்டியதுதான? அதுக்கு மறுநாளு? தெனம் ரெண்டு வாட்டி வாயத் தொறக்கியள்லா?”

“மறுநாளு நீ இட்லின்னு சொன்னே. சந்தோசமாத்தான் இருக்க போலன்னு விட்டுட்டேன்.”

“இட்லி திங்கதுல என்ன சந்தோசம்?”

“எனக்கு எப்படித் தெரியும்? ஒங் கொரலு அப்படி இருந்துச்சு.”

அவள் மைக்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். காற்றில் ஜீப்பின் ஆண்டெனா லேசாக ஆடியது. எதிரே வெள்ளைப் புள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்றது.

“இப்பக் கேக்கேன்,” என்றான். “கேக்க மாட்டாவன்னியே. மேல வந்துரு, ஒலகு. கீழ இருந்தது போதும். வீட்டுக்கு வா.”

கீழ்வரியின் ஓரத்தில் பச்சை விழுந்தது. ஜெபக்கனிதான் முதலில் பார்த்துக் கூவினாள். உலகம்மை பார்த்தபோது கண்ணில் நீர் திரண்டு, பச்சை கலங்கலாகத் தெரிந்தது.

இப்போது அலை பிழைத்துவிட்டது. அவன் இறங்கி வரலாம், இல்லை இவள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம். ஒரு ராத்திரி ஒரு வீட்டில் இருந்துவிட்டுக் காலையில் திரும்பலாம். அதுவரைக்கும் சட்டம் குறுக்கே நிற்காது. ஆனால் அவன் கேட்டது ஒரு ராத்திரிக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். போனால் தங்கிவிடுவாள் என்பதும் தெரியும். காலையில் ஏழாம் வளைவில் ஜீப் இருக்காது. அடுத்த பிரசவ வலிக்கு மேலே கூப்பிட ஆள் இருக்கும், கீழே கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

பொத்தானை அமுக்கினாள்.

“வரமாட்டேன்,” என்றாள். சொல்லி முடித்ததும் மனசு லேசானது. ஆறு வருஷத்துக்கு முன் வாசலில் நின்று சொல்ல ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் அப்படியே கிடந்தது. “நான் வந்துட்டா இந்தப் பெட்டிய யாரு பாக்க?”

“யாரும் இல்ல. அது எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுதான் கேட்டியளா?”

“தெரிஞ்சுதான் கேட்டேன். நீ மாட்டேன்னு சொல்லுவேன்னும் தெரியும்.”

“பொறவு எதுக்கு?”

“நீயில்லா சொன்னே, கேட்டும் மீறி இருக்கதும் சும்மா இருக்கதும் ஒண்ணு இல்லன்னு? இனிமே நீ அங்கன சும்மா இல்ல. நான் கூப்பிட்டும் வராமத்தான் இருக்க.”

உலகம்மை அழுதாள். ஜெபக்கனி பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதாள். எதிர்க்கரையில் அவன் கைப்பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டு, அவள் பொத்தானை அமுக்குவதற்காகக் காத்து நின்றான்.

“நாளைக்கும் கேளுங்க,” என்றாள்.

“கேக்கலாம். ஆனா இதே பேச்சப் பேசுனா செவியன் ஒத்துக்கிட மாட்டானே?”

“அப்ப வேற மாதிரி கேளுங்க.” முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “தெனம் ரெண்டு வாட்டி, வேற வேற மாதிரி கேக்கணும். நானும் வேற வேற மாதிரி மாட்டேம்பேன். நாம சாகுற வரைக்கும் இந்த ரெண்டு அலையையும் எவனும் தொட முடியாது. ஓவர்.”